ஊசி வேண்டாம்னா திட்டாதீங்க... என்ன பயம்னு கேளுங்க! பனியன் ஏரியாவில் தடுப்பூசி தயக்கம்: ஒரு அலசல்

திருமுருகன்பூண்டி:

புதன்கிழமை வந்தால் தமிழ்நாடு முழுக்க தடுப்பூசி நாள். பூண்டி, அனுப்பர்பாளையம், அவினாசி வட்டாரத்திலும் அப்படித்தான். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் தாய்மார்களில் பெரும்பாலானோர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசி போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களால் பிரச்சினை இல்லை. பிரச்சினை வராதவர்களிடம்தான்.

"அடுத்த வாரம் வர்றோம் சிஸ்டர்" என்பார்கள். அடுத்த வாரமும் வருவதில்லை. வீடு தேடிப் போனால் பூட்டு தொங்கும். இல்லாவிட்டால் மாமியார் வாசலிலேயே நின்று, "போன தடவை போட்டதுக்கே மூணு நாள் கொழந்தை கண்ணு தொறக்கலைங்க, இனி வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார்.

இவர்களை எல்லாம் 'தடுப்பூசி எதிர்ப்பாளர்கள்' என்று முத்திரை குத்துவது சுலபம். ஆனால் உண்மையிலேயே எதிர்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் கூட்டம். மற்றவர்கள் தயங்குபவர்கள். எதிர்ப்பவரிடம் பேசுவது வேறு, தயங்குபவரிடம் பேசுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆஸ்பத்திரியில் ஒரு அதட்டல் போட்டால், தயங்கிக்கொண்டிருந்தவர் எதிர்ப்பாளராகவே மாறிவிடுகிறார். உலக சுகாதார நிறுவனம் 2019ம் ஆண்டு, உலக மக்களின் உடல்நலத்துக்கு உள்ள 10 பெரிய ஆபத்துகளில் ஒன்றாக தடுப்பூசி தயக்கத்தையும் சேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

லைன் வீடும் தட்டம்மையும்

நமக்கு எதுக்கு இந்தக் கவலை என்று கேட்பவர்கள் ஒருமுறை பனியன் கம்பெனி ஏரியா லைன் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். வரிசையாக 10 ரூம், ஒரே தண்ணீர் குழாய், ஒரே பாத்ரூம், ஒரே வாசல். ஒரு ரூமில் ஒரு குடும்பம், அடுத்த ரூமில் வேறு மாநில குடும்பம். குழந்தைகள் எல்லாம் ஒன்றாகத்தான் விளையாடும்.

தட்டம்மை வந்த ஒரு குழந்தை, எதிர்ப்பு சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பக்கூடியது. இருமிவிட்டுப் போன பிறகும் அந்த ரூம் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி உயிரோடு இருக்கும். கொரோனா எல்லாம் இதற்கு முன்னால் சின்னப் பிள்ளை. ஊரில் 100 குழந்தைகளில் 95 பேருக்கு 2 டோஸ் போட்டிருந்தால்தான் தட்டம்மை பரவாமல் நிற்கும் என்பது மருத்துவ உலகின் கணக்கு. அந்த ஓட்டையில் முதலில் விழுவது 9 மாதம் ஆகாத பச்சைக் குழந்தைகள். அதற்கு ஊசி போடும் வயதே வந்திருக்காது.

2022ம் ஆண்டு மும்பை கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவி குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் நெருக்கடியான குடியிருப்பு, பிழைக்க வந்த ஜனங்கள் வாழும் பகுதிதான். 2016ல் பக்கத்து மாநிலத்தில் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) திரும்பி வந்து உயிர்ப்பலி வாங்கியது. ஒழிந்தே போச்சு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த நோய் அது.

தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் 2026க்குள் ஒழிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியது. டெல்லியில் இலக்கு வைப்பது சரி. அந்த இலக்கு கடைசியில் வந்து நிற்கும் இடம் பூண்டியில் ஒரு லைன் வீட்டு வாசல்.

காய்ச்சல் கணக்கு

சரி, பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள்? பெரிய விஞ்ஞான சந்தேகம் எல்லாம் பலருக்கு இல்லை. காரணம் காய்ச்சல். அதைவிட, காய்ச்சலால் போகும் சம்பளம்.

பனியன் கம்பெனியில் புருஷன் டெய்லர், பெண்டாட்டி செக்கிங் என்று இருவரும் வேலைக்குப் போகிற குடும்பம் இங்கே சகஜம். பீஸ் ரேட் என்றால் உட்கார்ந்தால்தான் காசு. எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரமாக இருந்தால் ஒன்றரை ஷிப்ட். வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிறு லீவு. இந்தக் கணக்கில் புதன்கிழமை எங்கே இருக்கிறது? ஊசிக்காக அரை நாள் போச்சு. ராத்திரி குழந்தை அனத்தினால் தூக்கம் போச்சு. மறுநாள் வியாழக்கிழமையும் லீவு. ஒன்றரை நாள் கூலி அவுட்! அடுத்த தவணைக்கு அந்தத் தாய் எப்படி ஓடி வருவார்?

இந்தத் தாயிடம் போய் "ஊசி போடலைன்னா நோய் வரும் தெரியுமா?" என்று கேட்டு என்ன பிரயோஜனம்? அவருக்கு அது தெரியும். வரப்போகும் நோய் என்றைக்கோ வரலாம், வராமலும் போகலாம். காய்ச்சலும் கூலி இழப்பும் நாளைக்கே வரும்.

ஆகவே பேச்சை நோயில் ஆரம்பிக்கக் கூடாது, காய்ச்சலில் ஆரம்பிக்க வேண்டும். அதுவும் ஊசி போடுவதற்கு முன்னாலேயே. "இன்னிக்கு ராத்திரி லேசா காச்சல் வரும்ங்க. ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கும், தேய்க்காதீங்க. பால் குடுத்துட்டே இருங்க. டாக்டர் குழந்தை எடைக்கு எவ்வளவு சொல்றாரோ அந்த அளவு பாராசிட்டமால் குடுங்க. ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள்ல சரியாயிடும். அதுக்கு மேல போனாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க." இவ்வளவு சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொல்லிவிட்டு வந்த காய்ச்சல் சாதாரணம். சொல்லாமல் வந்த காய்ச்சல்தான் தெரு முழுக்க வதந்தி.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு காய்ச்சல் வருவதாக இருந்தால் அன்று ராத்திரி வராது. ஒரு வாரம், 10 நாள் கழித்து வரும். முன்கூட்டி சொல்லாவிட்டால், அந்தத் தாய்க்கு அது ஏதோ புது வியாதி. பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசி இன்னும் மோசம். சில வாரம் கழித்து கொப்புளம் மாதிரி வந்து, சீழ் வைத்து, தழும்பாகி ஆறும். அது சரியாக வேலை செய்வதன் அடையாளம். ஆனால் யாரும் சொல்லாததால் "ஊசி செப்டிக் ஆயிடுச்சு" என்று நாட்டு மருந்தை வைத்துக் கட்டுகிற வீடுகள் உண்டு. அப்புறம் அந்த வீட்டில் அடுத்த ஊசிக்கு எப்படி சம்மதம் கிடைக்கும்?

திருவள்ளூர் சம்பவம்

பெற்றோர் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று அடித்துப் பேசுபவர்கள் 2008ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு கிராமத்துக்கே போய் ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போது மட்டும் போடும் முறை வந்தது.

பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் நர்ஸ் வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தவரை தெரிந்த முகம். தூரத்தில் இருக்கும் நிலையத்துக்கு பஸ் ஏறிப் போ என்றால் அது வேறு கதை.

அதே 2008ம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு கூத்து. போலியோ சொட்டு மருந்து கொடுத்த நாள் ராத்திரி, 'சொட்டு மருந்து குடித்த குழந்தைகள் சாகின்றன' என்று வதந்தி கிளம்பியது. மாவட்டம் மாவட்டமாகப் பரவி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை எழுப்பித் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். அப்போது வாட்ஸ்அப் கிடையாது. வெறும் போன், எஸ்.எம்.எஸ்., வாய்வார்த்தை. அதற்கே அந்த ஓட்டம்! ஏப்ரல் மாத பயம் ஜனங்கள் மனதில் ஆறாமல் கிடந்ததுதான் டிசம்பரில் பற்றிக்கொண்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

கணக்கைப் பார்த்தால் தெரியும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தவணையும் முழுமையாகப் போட்ட குழந்தைகள் 2005-06ல் 80.9 சதவீதம். 2015-16ல் அது 69.7 சதவீதமாக சரிந்தது. மருத்துவத்தில் முன்னோடி மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு இந்த சரிவு! இதற்கு 2008 சம்பவம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. பிறகு 2019-21 ஆய்வில் 89.2 சதவீதமாக ஏறியது ஆறுதல். அதாவது போன நம்பிக்கை திரும்பி வரும். வர 10 வருஷம் ஆகும்.

அதனால் "ஊசியால எதுவுமே ஆகாதுங்க" என்று அடித்துச் சொல்வது ஆபத்து. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் சொன்னவர் பொய்யர். "லட்சத்தில் ஒண்ணு ரெண்டு பேருக்கு ஒத்துக்காம போகலாம், அதுக்குத்தான் ஊசி போட்டு அரை மணி நேரம் இங்கேயே உட்காரச் சொல்றோம், மருந்து கையிலேயே வச்சிருக்கோம்" என்று சொல்வதுதான் உண்மை. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். ஜனங்கள் அவ்வளவு மோசம் இல்லை. பிரசவ ஆபரேஷனுக்கு கையெழுத்துப் போடும்போது இதைவிடப் பெரிய ரிஸ்க்கை கேட்டுவிட்டுத்தானே போடுகிறார்கள்?

வாட்ஸ்அப் முந்தியது, அரசு பிந்தியது

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தது. தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் முதல் கட்டம். பள்ளிக்கூடத்துக்கே வந்து போடும் திட்டம். ஊசி வருவதற்குள் வாட்ஸ்அப் ஆடியோ வந்துவிட்டது. வெளிநாட்டு சதி, மலட்டுத்தன்மை வரும், ஆட்டிசம் வரும் என்று இஷ்டத்துக்கு சுற்றியது. ஆங்கிலப் பள்ளி பெற்றோர்தான் அதிகம் மிரண்டார்கள். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஆட்டிசம் கதை எங்கிருந்து வந்தது? 1998ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. அதை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010ல் வாபஸ் வாங்கியது. டாக்டர் தொழில் செய்யும் உரிமையும் பறிபோனது. கட்டுரை செத்துவிட்டது, வதந்தி மட்டும் பூண்டி வரைக்கும் நடந்து வந்துவிட்டது.

கொரோனா காலத்தில் நடிகர் விவேக் விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜனங்களுக்கு தைரியம் சொல்வதற்காக 2021 ஏப்ரல் 15ல் ஊசி போட்டுக்கொண்டார். 17ந்தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் இறப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆஸ்பத்திரி அன்றே சொன்னது. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்து அதையே உறுதி செய்தபோது மாதக்கணக்கில் ஓடிவிட்டது. அதற்குள் டீக்கடை பெஞ்சில் எல்லோரும் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

மறுப்பு சொல்வதில் நம் மாவட்டத்துக்கே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அது மருத்துவ விஷயம் அல்ல. 2023 மார்ச்சில் வடமாநில தொழிலாளர்களை தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோ பரவி, திருப்பூரில் இருந்து ஆட்கள் ரயில் ஏற ஆரம்பித்தார்கள். அப்போது அதிகாரிகள் அறிக்கை விட்டுவிட்டு சும்மா இருக்கவில்லை. ஹிந்தியிலேயே பேசி வீடியோ போட்டார்கள். ஹெல்ப்லைன் நம்பர் கொடுத்தார்கள். கம்பெனிகளுக்கே நேரில் போய் தொழிலாளர்களிடம் பேசினார்கள். கம்பெனி நின்றுவிடும் என்றவுடன் இவ்வளவு வேகம்! குழந்தைக்கு ஊசி என்ற விஷயத்திலும் அதே வேகம் காட்ட முடியாதா?

'போட்டுக்கறீங்களா?' அல்ல, 'போட்டுடலாம்ங்க'

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் டாக்டரும் பெற்றோரும் பேசுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 111 பேச்சு. 2013ல் முடிவு வெளிவந்தது. "ஊசி விஷயத்துல என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேள்வியாக ஆரம்பித்தபோது 83 சதவீத பெற்றோர் தயக்கம் காட்டினார்கள். "இன்னிக்கு ஊசி போடணும், போட்டுடலாம்" என்று ஆரம்பித்தபோது 26 சதவீதம்தான். அதைவிட முக்கியம், தயங்கியவர்களிடம் டாக்டர் விட்டுவிடாமல் திரும்ப எடுத்துச் சொன்னபோது ஏறக்குறைய பாதிப் பேர் (47 சதவீதம்) சம்மதித்தார்கள்.

அமெரிக்கா வேறு, அவினாசி ரோடு வேறுதான். ஆனாலும் இது நம்ம ஊருக்கும் பொருந்துகிற விஷயம். "பாப்பாவுக்கு ஒன்றரை மாசம் ஆச்சுங்க. இன்னிக்கு மூணு ஊசி, ரெண்டு சொட்டு மருந்து. அம்மிணி, மடியில நல்லா புடிச்சுக்கோங்க" என்று இயல்பாகச் சொன்னால் பலர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். போடலாமா வேண்டாமா என்று கேட்டால், இல்லாத சந்தேகம் அப்போது முளைக்கும்.

ஆனால் இதை கெடுபிடி என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. அந்தத் தாய் "மூணு ஊசியா? ஒரே நாள்லயா?" என்று வாயைத் திறந்துவிட்டால், அந்த நிமிடமே நர்ஸ் கையில் இருக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். "ஆமாங்க, நிறைய மாதிரிதான் தெரியும். உங்களுக்கு என்ன பயம்னு சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பதில் பாதிக்குமேல் நாம் நினைத்ததாக இருக்காது. வலியைப் பற்றி இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நடந்ததாக இருக்கலாம். குறைமாதக் குழந்தை தாங்குமா என்பதாக இருக்கலாம். தெரிந்த பிறகு அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். "மூணையும் மூணு நாளா பிரிச்சா குழந்தைக்கு மூணு தடவை அழுகை, உங்களுக்கு மூணு நாள் லீவு. ஒரே நாள்ல போட்டா ஒரே காச்சல்ல முடிஞ்சுரும்" என்று சொன்னால் பனியன் கம்பெனி தாய்க்கு உடனே புரியும். ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுத்தால் வலி குறையும் என்பதையும் சொல்லி, அதற்கு ஒரு மறைவிடமும் கொடுத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். நோய் வந்த குழந்தையின் கோரமான போட்டோவை காட்டி மிரட்டுவது நம் ஊரில் பழைய பழக்கம். 2014ல் அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் சோதித்துப் பார்த்தார்கள். போட்டோ காட்டியும் பலன் இல்லை, உருக்கமான கதை சொல்லியும் பலன் இல்லை. போட்டோ பார்த்தவர்களில் ஊசியால் ஆட்டிசம் வரும் என்று நம்புகிறவர்கள் கூடத்தான் செய்தார்கள். பயந்தவரை மேலும் பயமுறுத்தினால், அந்தப் பயம் நோய் மேல் போகாமல் ஊசி மேலேயே திரும்பிவிடுகிறது.

மாமியாரை வாசலில் நிறுத்தாதீங்க

தாயிடம் மணிக்கணக்கில் பேசி சம்மதம் வாங்கியாச்சு. அவர் வீட்டுக்குப் போனதும் மாமியார் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். முடிவு எடுப்பவர் ஒருவர், ஊசிக்கு வருபவர் வேறு ஒருவர். "ஆத்தா, நீங்களும் உள்ள வாங்க. உங்க காலத்துல எப்படி பாத்துக்கிட்டீங்க?" என்று நர்ஸ் கூப்பிட்டுக் கேட்டால் அந்த அம்மா பாதி இறங்கி வந்துவிடுவார். பெரியம்மை தழும்போடு திரிந்தவர்களை நேரில் பார்த்த தலைமுறை அது. இந்தியாவில் 1975க்குப் பிறகு பெரியம்மையே இல்லாமல் போனது எதனால் என்று அவருக்கு பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவரையே சொல்ல வைக்கலாம்.

அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டும் ஊர் இது. அதைக் கேலி செய்யும் டாக்டரிடம் எந்தக் குடும்பமும் இரண்டாம் முறை போகாது. "வேப்பிலை கட்டுங்க, மாரியாத்தாளுக்கு வேண்டிக்கோங்க. கூடவே இங்கயும் ஒரு தடவை காட்டிடுங்க, விட்டமின் 'ஏ' மருந்து குடுத்தாகணும்" என்றால் சண்டையே இல்லை. பூண்டிக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. மனநலம் பாதித்தவர்களைக் கூட்டி வந்து தீர்த்தமாட வைத்து திருமுருகநாதரை வேண்டிக்கொள்ளும் தலம் இது. கோவிலுக்கும் வருகிறார்கள், டாக்டரிடம் மாத்திரையும் வாங்குகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் இல்லை.

அப்பாக்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. வாட்ஸ்அப் வீடியோ முதலில் வருவது அப்பா போனுக்குத்தான். ஊசி போடும் இடத்தில் அப்பாவைப் பார்ப்பது அபூர்வம்.

'புகார்' என்றால் காய்ச்சல்!

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று பாதி இந்தியா திருப்பூரைச் சுற்றித் தங்கியிருக்கிறது. தனி ஆளாக வந்தவர்கள் இப்போது குடும்பமாக இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் ஊருக்கும் இங்கேயுமாக அலைவதில் தவணை விட்டுப்போகிறது. முதல் ஊசி அங்கே, இரண்டாவது இங்கே, அட்டை எங்கே என்று கேட்டால் பெட்டியில் கிராமத்தில்.

ஹிந்தியில் காய்ச்சலுக்கு 'புகார்' என்று பெயர். "புகார், புகார்" என்று அந்தத் தாய் கையை ஆட்டினால் நம்ம ஆட்கள் போலீசில் புகார் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்! சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சீரியஸ். 'டீக்கா' என்ற ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், ஹிந்தி, வங்காளம், ஒடியா மூன்றிலும் தடுப்பூசிக்கு அதுதான். காய்ச்சல் எத்தனை நாள், எப்போது திரும்பி வரணும் என்ற நாலு வரியை அந்தந்த மொழியில் அச்சடித்துக் கொடுப்பது பெரிய செலவா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே ஆடியோவாக அனுப்பலாம். வதந்தி வரும் வழியிலேயே உண்மையும் போகட்டுமே.

அதைவிட முக்கியம், அவர்களில் ஒருவரையே பேச வைப்பது. உத்தரப்பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கு கதவடைத்த பகுதிகளில் கடைசியில் கதவைத் திறந்தது அதிகாரிகள் அல்ல. அந்தந்தத் தெருப் பெண்களும், பள்ளிவாசல் இமாம்களும்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் போலியோ கிருமி யாரையும் முடமாக்காமல் இருந்து, 2014 மார்ச் 27ல் போலியோ இல்லாத பகுதி என்று சான்றிதழ் கிடைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே லைன் வீட்டில் ஏற்கனவே தன் குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்ட ஒரு ஒடிசா தாய் இருப்பார். அவர் சொன்னால் ஒரு பேச்சு, நாம் சொன்னால் நூறு பேச்சு.

இயற்கை கோஷ்டி

மேலே சொன்ன பயங்களுக்கு எல்லாம் மருந்து உண்டு. இது கொஞ்சம் முரட்டு வியாதி. படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், யூடியூப் பார்த்து 'எல்லாம் இயற்கையே' என்று முடிவு கட்டியவர்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று இளம்பெண் ஒருவர் ரத்தப்போக்கால் இறந்தது நாடு முழுக்க செய்தியானது. அடுத்த சில நாட்களில் கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு பயிற்சி முகாம் அறிவித்தவர் கைதானார். ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பவர்கள் தடுப்பூசியை மட்டும் ஏற்பார்களா?

இவர்களிடம் ஒரே நாளில் ஜெயிக்க முடியாது. வாக்குவாதம் செய்தால் அவர்களிடமும் 10 வீடியோ இருக்கிறது. கதவு மூடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம். "சரிங்க, இன்னிக்கு வேண்டாம். குழந்தை எடை பார்த்துட்டுப் போங்க. அடுத்த மாசம் பேசலாம்" என்று அனுப்பினால் திரும்பி வருவார்கள். 'இனி இங்க வராதீங்க' என்று துரத்தும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு அப்புறம் டாக்டரே கிடையாது, வீடியோ மட்டும்தான்.

சட்டம் போட்டு ஊசி போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடக்கூடாது என்று 2019 ஜனவரியில் டெல்லி ஐகோர்ட்டு சொன்னது. கொரோனா வழக்கில் 2022 மே 2ந்தேதி, யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆக, பேசித்தான் ஆக வேண்டும்.

நர்சுக்கு நேரம் எங்கே?

இவ்வளவும் சொல்லியாச்சு. ஆனால் யார் பேசுவது? ஒரு செவிலியர் தலையில் கர்ப்பிணி கணக்கு, பிரசவ கணக்கு, ஊசி, கம்ப்யூட்டரில் பதிவு, மேலிடத்துக்கு ரிப்போர்ட். புதன்கிழமை காலை வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது "உங்களுக்கு என்ன பயம்?" என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு எங்கே நேரம்? எத்தனை ஊசி போட்டாய் என்று கேட்கிற மேலதிகாரி, எத்தனை பேரிடம் பேசினாய் என்று கேட்பதில்லை. அதட்டல் பிறப்பது இந்த அவசரத்தில்தான். நர்சுகளை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

தட்டம்மை ஊசி மருந்தை கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் மாலையில் வேலை முடிந்து ஓடி வரும் தாய்க்கு "மருந்து முடிஞ்சுது, அடுத்த புதன் வாங்க" என்ற பதில் கிடைக்கிறது. கஷ்டப்பட்டு மனசை மாற்றிக்கொண்டு வந்தவருக்கு இதைவிட மோசமான பதில் இல்லை. தொழிலாளர் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தால் என்ன? 2021ல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர் பூண்டி. கம்பெனிகளிடம் பேசி, ஊசி போட்ட மறுநாள் தாய்க்கு சம்பளத்தோடு லீவு கேட்டால் மறுப்பார்களா? வெளிநாட்டு பையர் ஆடிட் வரும்போது காட்டுவதற்காவது சம்மதிப்பார்கள்.

தவணை தவறியவர்கள் கவனத்துக்கு: விட்டுப்போனது என்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம், முதலில் இருந்து தொடங்கவும் வேண்டாம். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 5 வயது வரை போட்டுக்கொள்ளலாம். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். எந்த மாநிலத்துக் குழந்தையாக இருந்தாலும், கையில் அட்டை இல்லாவிட்டாலும் அரசு நிலையங்களில் இலவசம். ஊசி போட்ட பின் சந்தேகம் வந்தால் ராத்திரியானாலும் 104க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.